மூடிய அறையில் தார்மணம்

காற்றும் துயில்கொள்ளும் பனிப்பருவம் அது. பகலவன் வெளிறி எழுந்து, வெளிறியே சாய்வான். அலுமினிய உருக்காலையின் புகை வானேற வலிமையின்றிக் கூரைகளின்மேல் படுத்துக் கிடந்தது, தெருவெங்கும் தார்மணம்.

மகள் இருமத் தொடங்கியதும், தந்தை சன்னல் இடுக்குகளையெல்லாம் ஒட்டுநாடாவால் அடைத்தான். ஆலையில் தாரையும் கரித்தூளையும் குழைத்துக் கட்டிகளாய் வார்ப்பவன் அவன். ஆலையின் அதே கூடத்தில் உடன் வேலைசெய்த மைத்துனன் சென்ற ஆண்டு நுரையீரற் புற்றால் மாண்டான். அந்த அச்சத்தில் விடுப்பெடுத்து, மகளருகிலேயே கிடந்தான்.

ஆயினும் இன்று காலை, அவளது வெள்ளைப் போர்வையில் சாம்பல்நிறப் படலம்.

"நேத்துதானே துவைச்சேன்!" என்றாள் மனைவி. "நீங்க லீவு போட்டாலும் ஆலை லீவு போடாது போல. வீடு தேடியே வந்துடுச்சு."

தூசு நுழையும் வழியை அறிய அவன் சன்னலடியில் ஒரு வெள்ளைத்துணி விரித்தான், கதவடியில் ஒன்று, கட்டிலில் ஒன்று. பிற்பகல், மகளை நோக்கி ஒருக்களித்துப் படுத்தவன் சற்றே கண்ணயர்ந்தான். உலர்மணல் சல்லடையில் உருள்வதுபோல் ஓர் ஒலி அவனை எழுப்பிற்று. விழித்தபின்னும் அது ஓயவில்லை. அவன் மூச்சை அடக்கியபோதுதான் நின்றது.

சன்னலடித் துணி வெண்மை. கதவடித் துணியும் வெண்மை.

கட்டிலில் கறை. விசிறிபோல் விரிந்த கறை. மகள் பக்கம் அகன்று, இப்பக்கம் குறுகி, குறுகி... அது தொடங்கிய இடம் அவன் தலையணை.

அவன் வாய் இருந்த இடம்.

உதடுகளை இறுக மூடிக்கொண்டான்.

அந்தி. மகள் கைகூப்பி முன்னே நின்றாள். "சாமி கும்பிட்டுட்டேன். ஆசீர்வாதம் பண்ணுங்கப்பா."

தலையசைத்து மறுத்தான்.

"புள்ள தினம் கேக்குறதுதானே?" என்றாள் மனைவி. "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

கைகுவித்தான். சிறுவயது முதல் ஓதிய பதிகத்தை மூச்சடக்கி நெஞ்சுக்குள்ளேயே ஓதினான். காது அடைத்தது. மார்பு வெடிக்கப் பார்த்தது. மூச்சு முட்டியது. மகள் முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தாள்.

"நூறு வருஷம்... நல்லா இரும்மா."

அவள் நெற்றியில், இமைகளில், திறந்த சிறுவாயில், ஒவ்வொரு சொல்லும் கரியதாய், மெல்லப் படிந்தது.

கண்மூடியபடியே அவள் மூச்சை ஆழ இழுத்தாள்.

"இன்னும் சொல்லுங்கப்பா."