முனியாண்டிக்கு நேர்ந்த கிடா

அண்டாவில் பாதிக்குத்தான் இறைச்சி போட்டிருந்தார்கள். மோகனராஜ் தன் கையால் அள்ளிப் போட்டதால் அளவு அவனுக்கு நன்றாகத் தெரியும். ஈர விறகின் புகையும் தேயிலை மலையிலிருந்து இறங்கிய பனியும் ஒன்றாய்க் கலந்து கண்ணைக் கரிக்க, மிளகாய்த்தூள் வாசனை மூக்கில் ஏற, ஒரு மணித்தியாலமாய்க் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். இறைச்சி விளிம்புக்கு வந்திருந்தது.

"என்னா தம்பி, வேகவே மாட்டேங்குது?" என்றார் பூசாரி கறுப்பையா. கரண்டியால் ஒரு துண்டை அழுத்தினார். துண்டு அமுங்கி, மெல்ல நெளிந்து விலகியது. "இளங்கிடாதானே? கல்லாட்டம் இருக்கே."

"நெருப்பு பத்தலண்ணே," என்றான் மோகனராஜ். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டு அழ முடியுமா?

புசல்லாவைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் ஒரு தகரக் கூரை, ஒரு சூலம், ஒரு கல். அதுதான் முனியாண்டி கோயில். இங்கே வெட்டிய கிடாவை இங்கேயே சமைத்து, இருட்டுமுன் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ஒரு துண்டுகூட லயத்து வீடுகளுக்குப் போகக்கூடாது. எல்லாரும் சாப்பிடும்வரை நேர்ந்தவன் பட்டினி. முதல் ஈரல் மட்டும், யாருக்காக நேர்ந்ததோ அவருக்கு.

போன வருஷம் ஆறு வயது மகள் யதுஷா டெங்குவில் கிடந்தபோது, ஊனமில்லாத கறுப்புக் கிடா தருவதாக மனைவி சுதர்சினி நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. கிடாதான் கிடைக்கவில்லை. ஒன்றுக்குக் காது கிழிந்திருந்தது, இன்னொன்றுக்கு நாய் கடித்த தழும்பு. மோகனராஜுக்கோ பல்லேகலவில், ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் கொட்டில் கழுவும் வேலை. அங்கே ஆடுகள் பிறக்கும் முன்பே அவற்றின் மரபணுவைத் திருத்திவிடுவார்கள். திங்கட்கிழமை தோலை வெட்டுவார்கள். வெள்ளிக்கிழமை வெட்டிய இடமே தெரியாது. பார்த்து முடிந்ததும் உலையில் போட்டு எரிக்க வேண்டும். உலைக்குக் கொண்டுபோகக் கொடுத்த ஒரு கறுப்புக் குட்டியை உயிரோடு தீவனச் சாக்கில் போட்டு, மரக்கறி லொறியில் வீட்டுக்கு ஏற்றிவிட்டான். எட்டு மாதம் அது வீட்டில் வளர்ந்தது. ஊனமே தங்காத கிடா. முனியாண்டிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தான், பாவி.

பண்ணையின் டொக்டர் ஷிரோமியும் உலை பார்க்கும் மஹ்ரூபும் தேத்தண்ணி நேரத்தில் இதைப்பற்றிச் சண்டை போடாத நாளில்லை. "சீனி வருத்தத்தில் எத்தனை பேருடைய காலை வெட்டுறாங்க, தெரியுமா? அதெல்லாம் திரும்ப வளரும், மஹ்ரூப்," என்பாள் அவள். "வளரச் சொல்லத் தெரிஞ்சா மட்டும் காணாது மெடம். நிப்பாட்டவும் சொல்லத் தெரியோணும்," என்பார் அவர். மோகனராஜ் டொக்டர் பக்கம்தான். நீரிழிவில் அவனுடைய தாய் மூக்காயிக்கு முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் என்று வெட்டியதை அவன் பார்த்தவன். அப்போது இப்படி ஒரு மருந்து இருந்திருந்தால் அவள் இன்னும் இருந்திருப்பாள்.

மூடியை வைத்துவிட்டுச் சூலத்தடிக்குப் போனான். வாழையிலையில் கிடாவின் தலை. வாயில் ஒரு கொத்து வேப்பிலை. காலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கிடா உடம்பைச் சிலிர்த்து உத்தரவு கொடுத்தது, கறுப்பையா ஒரே வெட்டில் சாய்த்தார், பெண்கள் குலவை போட்டார்கள்.

இலையில் ரத்தம் இல்லை. வெட்டிய கழுத்தை மூடி இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல் படர்ந்திருந்தது. அவன் குனிந்தான். வேப்பிலை குறைந்துகொண்டே போனது.

தலை மென்றுகொண்டிருந்தது.

"அண்ணே," என்றான். சூலத்தடியைக் காட்டினான்.

கறுப்பையா பார்த்தார். முப்பது வருஷமாய்க் கிடா வெட்டுகிற மனிதர், இரண்டாம் வெட்டு அறியாதவர். அரிவாளை ஓங்கித் தலையை இரண்டாகப் பிளந்தார். பாதித்தலை உருண்டு கல்லில் மோதி நின்றது. அதன் ஒற்றைக்கண் அவரையே பார்த்தது. மறுபடி வெட்டினார். மறுபடி. எலும்பு தெறித்தது. சூலத்தில் மூளை ஒட்டியது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது, சத்தமே இல்லாமல். ஆண்கள் ஓடி வந்து துண்டுகளை மண்வெட்டியால் வாரி அடுப்பில் போட்டார்கள். நெருப்புக்குள்ளே அவை ஒன்றையொன்று தேடி நகர்ந்தன. அண்டா தானாகச் சரிந்தது. கொதிக்கும் குழம்போடு வெளியே விழுந்த இறைச்சி, புல்லில் கிடந்து துடித்தது. பெண்கள் அலறிக்கொண்டு தேயிலைக்குள் சிதறினார்கள்.

நல்ல காலம், இன்னும் யாரும் சாப்பிடவில்லை. அப்படித்தான் முதலில் நினைத்தான்.

முதல் ஈரல்.

அது காலையிலேயே யதுஷாவின் வாய்க்குப் போயிருந்தது. போனை எடுத்தான். டொக்டர் ஷிரோமியை அழைத்தான்.

"டொக்டர், ஒரு குட்டி... நான் எரிக்கல டொக்டர். வெட்டிட்டோம். மகள் ஈரல் தின்னுட்டா."

"வேக வச்சதா?"

"கம்பியில குத்தி நெருப்பில காட்டினது. அரை வேக்காடு."

மறுமுனையில் வண்டிச் சாவி எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "மோகன், நான் சொல்றதைக் கேளுங்க. பிள்ளையில கத்தி படக்கூடாது. ஒரு கீறல்கூட. வெட்டுற இடத்திலெல்லாம் அது வளரும். நான் வாறன். யாரையும் வெட்ட விடாதீங்க."

ஓடினான். கூரையின் பின்பக்கம், விரித்த சாக்கில் யதுஷா படுத்திருந்தாள். பக்கத்தில் சுதர்சினி. பிள்ளையின் சட்டை நெஞ்சுவரை ஏறியிருந்தது. வயிறு உப்பி, தோல் பளபளத்தது.

"அப்பா," என்றாள் யதுஷா. "வயித்துக்குள்ள யாரோ நடக்குறாங்க."

தோலுக்கடியில், குளம்புபோல, இரண்டு சின்ன முனைகள். அழுத்தின. மறைந்தன. கொஞ்சம் தள்ளி, மறுபடி.

"என்னத்தங்க கொண்டாந்தீங்க?" சுதர்சினி அவனைப் பார்க்கவே இல்லை. "எங்கேருந்துங்க கொண்டாந்தீங்க?"

சொல்லியிருக்கலாம். எட்டு மாதமாய்ச் சொல்லியிருக்கலாம். இப்போதும் வெட்கம் நாக்கைப் பிடித்தது. அந்த ஒரு நொடி போதுமாயிருந்தது.

ஈரல் நறுக்கிய சின்னக் கத்தி அவள் கையில்.

"சுதா, வேணாம்! கத்தி படக்கூடாது! டொக்டர்..."

"எம்புள்ளைய அது தின்னுது!"

குத்தவில்லை. மெல்ல, மீன் வயிற்றைத் திறப்பதுபோல ஒரு கோடு. உள்ளே கைவிட்டு அதைப் பிடித்து இழுத்தெறிய நினைத்திருப்பாள். தாய்தானே.

யதுஷா கத்தவில்லை. ரத்தமும் வரவில்லை.

மோகனராஜ் மனைவியின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். பிள்ளையும் சேர்ந்து இழுபட்டது. குனிந்து பார்த்தான். கத்தியைச் சுற்றித் தோல் மூடியிருந்தது. கத்தியை மட்டுமல்ல. அவளுடைய விரல்களையும். மணிக்கட்டுவரை.

"ஏங்க," என்றாள் சுதர்சினி, மிக மெல்ல. "என் கை எங்க முடியுதுன்னு தெரியலங்க."

அவன் விடாமல் இழுத்தான். இரண்டு பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.