சிவப்புக் கொடிக்குப் பயப்படாதீர்கள்!

கடற்கரைக்குச் சுற்றுலா போகும் சகல ஜனங்களுக்கும், போக வழியில்லாமல் படம் பார்த்துப் பெருமூச்சு விடும் மற்றவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்...

வெளிநாட்டுப் பயண ஆலோசனைகளின் ஒரே அதாரிட்டியும், லட்சோப லட்சம் பேர் கண்ணை மூடிக்கொண்டு பின்தொடரும் மாமேதையுமான 'தீவுத் திலகம்' அவர்கள், இன்னும் சற்று நேரத்தில் கடலில் இறங்க இருக்கிறார்.

இறங்கியவர் ஏறப் போவதில்லை!

இந்தக் கடைசி வரி திலகத்துக்குத் தெரியாது.

டீச்சருக்குத் தெரியும். திட்டம் போட்டதே அவள்தான்.

"மேடம், கேமராவுல முகம் தெளிவா வருதா? தொப்பை தெரியுதா?"

"தொப்பை நல்லாத் தெரியுது சார். முகம்தான் ஓரமா கொஞ்சம் தெரியுது."

"ஹா... ஹா... மேடத்துக்குக் குறும்பு!"

டீச்சர் சிரித்தாள். பல் மட்டும் சிரித்தது.

அவள் நீச்சல் டீச்சர். ஆனால் திலகத்துக்கு அவள் நீச்சலுடை கம்பெனி முதலாளியம்மா. 'உங்கள் டிப்ஸ்களை நீங்களே செய்து காட்டும் வீடியோ... டிக்கெட், ஹோட்டல் எல்லாம் எங்கள் செலவு' என்று அவள் போனில் சொல்லி முடிப்பதற்குள் திலகம் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்.

பெட்டிகள் என்று சொல்ல வேண்டும்.

'தீவுக்குக் கைப்பை ஒன்று போதும்' என்று ஊருக்கெல்லாம் ஓதியவர், விமான நிலையத்தில் நாலு பெட்டிகளுடன் வந்து நின்றார். 'ஐஸ் போட்ட எதையும் தொடாதீர்கள்' என்றவர், ஹோட்டல் வரவேற்பறையில் கொடுத்த ஜூஸை ஐஸோடு கடித்துக் குடித்துவிட்டு, முதல் நாள் முழுக்கக் கழிவறையிலேயே சுற்றுலா நடத்தினார். 'வெயிலில் இறங்கும் முன் கிரீம் தடவுங்கள்' என்றவர், தடவாமல் திரிந்து வறுத்த இறால் நிறத்துக்கு மாறியிருந்தார்.

"சார், ட்ராவல் இன்சூரன்ஸ் எடுத்தீங்களா?"

"அதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்கு மேடம்."

"வீடியோவுல கட்டாயம் எடுக்கணும்னு சொன்னீங்களே?"

"அது பயந்தாங்கொள்ளிங்களுக்கான வீடியோ!"

டீச்சர் பொறுத்துக்கொண்டாள். இரண்டு வருடம் பொறுத்தவளுக்கு இரண்டு நாள் என்ன பெரிய விஷயம்?

இரண்டு வருடம் முன்பு, இதே தீவுக்கு, இதே கடற்கரைக்கு, ஆபீஸ் நண்பர்களுடன் டூர் என்று கிளம்பிப் போனார் அவள் கணவர். திரும்பி வந்தது அவருடைய துண்டும், கண்ணாடியும், போனும்தான். போனில் பாதியில் நின்றிருந்தது ஒரு வீடியோ.

'சிவப்புக் கொடிக்குப் பயப்படாதீர்கள்! அது நீச்சல் தெரியாதவர்களைக் கரையில் உட்கார வைக்கும் தந்திரம். இழுத்தால் கரையைப் பார்த்து நேராக நீந்துங்கள்!' என்று அதில் திலகம் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்.

உடல் கிடைக்கவேயில்லை.

ஊருக்கெல்லாம் நீச்சல் சொல்லிக் கொடுத்தவளின் கணவர் தண்ணீரில் போனார் என்று நாலு பேர் பேசினார்கள். அந்தப் பேச்சு ஒவ்வொன்றையும் டீச்சர் விழுங்கினாள். 

அந்தக் கட்டைவிரலைத் தண்ணீருக்குக் கீழே பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை!

கடற்கரையில் சிவப்புக் கொடி படபடத்தது. காவலர்கள் கொடியை நட்டு, கயிறு கட்டி, கடலுக்கே விடுமுறை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஈ, காக்கை இல்லை.

திலகம் கொடியைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் வைத்தார்.

"மேடம்... ஹோட்டல் நீச்சல் குளத்துல எடுத்துக்கலாமே? ஒரு மூலையா நின்னா கடல் மாதிரியேதான் இருக்கும். என் வீடியோ எல்லாமே..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"எல்லாமே...?"

"எல்லாமே தத்ரூபமா இருக்கும்னு சொல்ல வந்தேன்!"

"சார், ஒரு ஆள் கமெண்ட் போட்டிருக்கான். 'இவரு கடல்ல கால் நனைச்சதே இல்லை'ன்னு."

"யாரு அந்த நாதாரி?!"

"அதுக்கு நூத்துக்கணக்குல லைக் வேற..."

போதும். திலகத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. தொப்பையும் கூடவே நிமிர்ந்தது.

"கடல் என்கிட்ட பேசும் மேடம்! எங்க இறங்கணும்னு அதுவே சொல்லும். அதோ பாருங்க... ரெண்டு பக்கமும் அலை மோதுது. நடுவுல மட்டும் அலையே இல்லாம சமத்தா, கறுப்பா ஒரு பட்டை. அதான் பாதுகாப்பான இடம்!"

டீச்சர் கேமராவை அந்தப் பக்கம் திருப்பினாள்.

அந்தச் சமத்துப் பட்டைதான் எமன். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கூடிக் கடலுக்குத் திரும்பி ஓடுகிற வாய்க்கால் அது. அவள் காட்ட நினைத்த இடத்தை அவரே கண்டுபிடித்துவிட்டார். நிபுணர் அல்லவா!

"சூப்பர் சார். இறங்குங்க!"

இறங்கினார். இடுப்பு வரை போனார். கட்டைவிரலை உயர்த்தினார்.

"அன்பு நேயர்களே..."

அடுத்த நொடி அன்பு நேயர்களை விட்டு வெகுதூரம் போய்க்கொண்டிருந்தார்.

"மேடம்ம்ம்!"

கரையைப் பார்த்து நேராகக் கை கால்களை அடித்தார். அடிக்க அடிக்கப் பின்னால் போனார். சொந்தச் சரக்கின் ருசி அவருக்கு முதல்முறையாகத் தெரிந்தது.

டீச்சர் கேமராவை மணலில் வைத்துவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த மிதவையை நிதானமாக எடுத்தாள். தண்ணீரில் சறுக்கி இறங்கினாள். வாய்க்கால் அவளையும் இழுத்துக்கொண்டு போய், திலகத்துக்குக் கை எட்டாத தூரத்தில் விட்டது. அங்கேயே மிதந்தாள்.

"மேடம்! அதைக் குடுங்க... மூச்சு முட்டுது!"

"தெரியுது சார்."

"விளையாடாதீங்க! செத்துருவேன்!"

"அதுக்குத்தான் டிக்கெட் போட்டுக் கூட்டிட்டு வந்தேன்."

திலகத்தின் கண்கள் பிதுங்கின.

"நா... நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே கடற்கரையில ஒருத்தர் உங்க வீடியோவைப் பார்த்துட்டு இறங்கினாரு. துண்டு மேல கண்ணாடியை மடிச்சு வெச்சுட்டு. ஞாபகம் இருக்கா? பேப்பர்லகூட வந்துச்சே! நான் அவரு பொண்டாட்டி."

திலகம் ஒரு வாய் உப்புத் தண்ணீர் குடித்தார். இருமினார். பிறகு, உயிருக்குப் போராடும் மனிதர் சொல்லவே கூடாத ஒன்றைச் சொன்னார்.

"ஐயோ... நீச்சல் டீச்சரா நீங்க?!"

டீச்சரின் கால்கள் ஒரு கணம் அசைய மறந்தன.

"நான் டீச்சர்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மிதவை... மிதவை!"

"பதில்!"

"அவர் சாகலை!"

"பொய்!"

"சத்தியமா! விடிகாலையில எழுப்பிவிட்டுக் குளத்துல தள்ளுறாங்க, தப்பிக்கணும், வழி சொல்லுங்கன்னு என்கிட்ட வந்து அழுதாரு. தனி ஆலோசனை குடுத்தேன். துண்டை வை, கண்ணாடியை வை, என் வீடியோவைப் போட்டு வை, நடையைக் கட்டுன்னு... எனக்கும் விளம்பரம் ஆச்சு! தீவுக்கு அந்தப் பக்கம் குடை வாடகைக்கு விடுறாரு... டீச்சர்... ப்ளீஸ்..."

விடிகாலைக் குளம். அது அவளுக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. குப்புற மிதக்கக்கூட வராத புருஷன் என்று வெளியே சொல்ல வெட்கப்பட்டு, யாரும் வராத நேரத்தில் ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தாள்.

டீச்சர் மிதவையைத் தள்ளினாள்.

மன்னித்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. இந்த ஆள் செத்தால் புருஷன் இருக்கும் இடத்துக்கு யார் வழி காட்டுவது?

கரையைப் பார்க்காமல், கரைக்கு இணையாக, பக்கவாட்டில் இழுத்துப் போனாள். அலை உடைகிற இடம் வந்ததும் அலையே இருவரையும் அள்ளிக் கரையில் கொட்டியது.

"நேரா நீந்தக் கூடாதா டீச்சர்?" என்றார் திலகம், மணலைத் துப்பியபடி.

"வாயை மூடிட்டு டாக்ஸியைக் கூப்பிடு."

தீவின் மறுபக்கம். வரிசையாக நீலக் குடைகள், சாய்வு நாற்காலிகள். நடுவில் கருகிப்போன ஒரு மனிதர். மூக்கில் தோல் உரிந்து தொங்கியது. உடம்பெல்லாம் கொசுக்கடி.

டீச்சர் போய் ஒரு நாற்காலியில் சாய்ந்தாள்.

"குடையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. முகத்துல வெயில் படுது."

திருப்ப வந்த கை அந்தரத்தில் நின்றது.

"நீ... நீயா...!"

"ஏங்க, டூர்னு போனா ஒரு போன் பண்ண மாட்டீங்களா?"

அவர் ஓடுவார் என்று எதிர்பார்த்தாள். ஓடினால் துரத்திப் பிடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவரோ தடாலென்று அவள் காலில் விழுந்தார்!

"கூட்டிட்டுப் போயிடு தாயே! என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு!"

"என்னாச்சு? சொர்க்கம் சலிச்சுப் போச்சா?"

"விசா எப்பவோ முடிஞ்சுபோச்சு. ரூம்ல ஃபேன் ஓடாது. வாரா வாரம் காய்ச்சல் அடிக்குது... கூட வந்தவளும் ஓடிட்டா. என் பாஸ்போர்ட்டையும் எடுத்துட்டு!"

கூட வந்தவள்.

டீச்சர் அந்த இரண்டு வார்த்தைகளை மெதுவாக மென்றாள். திலகம் நைசாகப் பின்வாங்கினார்.

"அதை நான் தண்ணிக்குள்ள சொல்ல நேரமில்லாமப் போச்சு டீச்சர்..."

கணவர் தலை தூக்கினார். திலகத்தைப் பார்த்தார். கண்களில் ரத்தம் ஏறியது.

"அடேய்! நீயா? சொகுசா இருக்கலாம்னு சொல்லி இந்தக் கொசுக்காட்டுல தள்ளினவனே!" என்று பாய்ந்து கழுத்தைப் பிடித்தார்.

"சார்... திரும்பி வர்றதுக்குத் தனி ஆலோசனை... அதை நீங்க வாங்கலையே!"

இருவரும் மணலில் உருண்டார்கள். ஒரு குடை சாய்ந்தது.

"ஏய், என்னைத் தூக்கிவிடு! டிக்கெட் போடு! நான் உன் புருஷன்!" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

டீச்சர் எழுந்து, உடையிலிருந்த மணலைத் தட்டினாள்.

"என் புருஷன் கடல்ல போயிட்டாருங்க. சான்றிதழ் பீரோவுல இருக்கு, லேமினேட் பண்ணி வெச்சிருக்கேன். செத்தவங்களுக்கு எந்த விமானத்துலயும் சீட்டு குடுக்க மாட்டாங்க."

"அப்போ நான் என்ன பண்றது?!"

"பக்கத்துலயே நிபுணர் இருக்காரே. கேளுங்க."

நடந்துகொண்டே போனை எடுத்தாள். 'போய் இறங்கியதும் டூரிஸ்ட் போலீஸ் நம்பரைப் போனில் ஏற்றி வையுங்கள்.' திலகம் ஆயுளில் சொன்ன உருப்படியான டிப்ஸ் அது ஒன்றுதான்.

"ஹலோ... குடை வாடகைக்கு விடுற இடத்துல விசா இல்லாத ஆள் ஒருத்தர் இருக்காரு. அவரை அனுப்பி வெச்ச ஏஜெண்டும் கூடவே இருக்காரு. ஆமா, ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான். ஒருத்தர் மேல ஒருத்தர் உட்கார்ந்திருக்காங்க... சீக்கிரம் வாங்க."

மறுநாள் விமானத்தில் டீச்சருக்கு ஜன்னல் சீட். பக்கத்து சீட் காலி.

"தீவு பிடிச்சிருந்ததா மேடம்?" என்று விமானப் பணிப்பெண் குனிந்து கேட்டாள்.

"அருமையான இடம்மா. வேண்டாதவங்களை நிம்மதியா விட்டுட்டு வரலாம்."

விமானச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. டீச்சர் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் ருசித்துச் சாப்பிட்டாள்.