டம்ளர் நிறையத் தண்ணீர்

அந்தப் பேச்சு மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் நிற்பவர் "வந்து" என்று இழுத்தால், எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டு. "அதாவது" என்றாலும் ஒரு தட்டு. "ம்ம்ம்" என்று விழித்தால் கேட்கவே வேண்டாம், ணங்.

தட்டத் தட்டப் பேச்சு சீராகும் என்பது செயலாளர் அத்தையின் நம்பிக்கை. பலருக்குச் சீரானதும் உண்மைதான். வந்துராணிக்கு மட்டும் ஆகவில்லை.

வந்துராணி என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல, வகுப்பில் வைத்தது. கேள்வி கேட்டால் எழுந்து நின்று, "வந்து டீச்சர்... வந்து..." என்பாள். பதில் வருவதற்குள் மணியடித்துவிடும். அப்பாதான் கவலைப்பட்டு, நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் கூடும் இந்த மன்றத்தில் சேர்த்துவிட்டார்.

போன வாரம் தன் பூனையைப் பற்றிப் பேச எழுந்தாள். டம்ளர் போட்ட சத்தத்தில், பூனையின் பெயரைச் சொல்வதற்கு முன்பே எல்லாம் மறந்துபோயிற்று. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இந்த ஜென்மத்தில் தனக்குப் பேச்சு வராது என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது.

"இன்னையோட நின்னுக்கறேன்பா," என்றாள் இன்று படியேறும்போது.

"சரிம்மா. இன்னைக்கு ஒரு நாள் சும்மா உக்காந்துட்டு வா," என்றார் அப்பா.

அவர் வற்புறுத்தவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. அப்பாவும் கைவிட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

செயலாளர் அத்தை அவள் முகத்தைப் பார்த்தார். "இன்னைக்கு நீ பேச வேண்டாம். டம்ளர் தட்டு," என்று கரண்டியைக் கையில் கொடுத்தார். பேச லாயக்கில்லாதவளுக்கு இந்த வேலைதான் மிச்சம் என்று அவளுக்குத் தோன்றியது.

முதலில் எழுந்தவர் பல் டாக்டர். மன்றத்துக்குப் புதியவர். ஊரையே "வாயை நல்லாத் திற" என்று அதட்டுகிறவர், இப்போது தன் வாயைத் திறக்க முடியாமல் நின்றார்.

"அடுத்த வாரம் எங்க அக்கா... வந்து... ரிட்டயர் ஆகுறாங்க."

ணங்.

"அந்த விழாவுல நான் பேசணும். அவங்கதான் என்னை... வந்து..."

ணங்.

டாக்டரின் காது சிவந்தது. அடுத்து என்ன நடக்கும் என்று வந்துராணிக்குத் தெரியும். உட்கார்ந்துவிடுவார். அடுத்த வாரம் வரமாட்டார். அப்படி வராமல் போனவர்களின் நாற்காலிகள் பின்வரிசையில் காலியாகத்தான் கிடந்தன. அவரை விரட்டும் கரண்டி இப்போது அவள் கையில் இருந்தது.

அவர் உதடு உலர்ந்திருந்தது. அவள் மேசைமேல் இருந்த ஜக்கிலிருந்து, தட்டிக்கொண்டிருந்த டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். டாக்டர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அவங்கதான் என்னை... வந்து... படிக்க வச்சாங்க."

அவள் தட்டினாள். டொக். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ விரலால் தட்டியது போல் இருந்தது. டாக்டர் கவனிக்கவே இல்லை.

செயலாளர் அத்தை கவனித்துவிட்டார். "தண்ணியக் கொட்டிட்டுத் தட்டும்மா."

வந்துராணி எழுந்தாள்.

"கொட்ட மாட்டேன் அத்தை. வந்து... டாக்டர் மாமா அவங்க அக்காவைப் பத்திச் சொல்ல வந்திருக்காங்க. ணங்குன்னு கேட்டா மாமாவுக்கு அக்கா மறந்துபோயிடுவாங்க, டம்ளர்தான் ஞாபகம் இருக்கும். போன வாரம் எனக்கு... வந்து... அப்படித்தான் ஆச்சு. எங்க பூனை பேரு மிளகு. கதவைத் தானாத் திறக்கும். அதைச் சொல்லத்தான் நின்னேன். சொல்லவே முடியல. எத்தனை வந்துன்னு நான் மனசுக்குள்ளயே எண்ணிக்கறேன் அத்தை. எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்றேன். இப்ப அவங்க அக்காவைப் பத்திச் சொல்லட்டும்."

தட்ட வேண்டியவளே பேசியதால் யாரும் தட்டவில்லை.

"கதவை எப்படித் திறக்கும்?" என்று கேட்டார் டாக்டர்.

"கைப்பிடியைப் பிடிச்சுத் தொங்கும் மாமா."

டாக்டர் சிரித்துவிட்டார். "எங்க அக்காவும் அப்படித்தான். நான் பரீட்சையில ஃபெயிலாகி அறைக்குள்ள பூட்டிக்கிட்டேன். விடிய விடிய வெளிய கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க," என்று ஆரம்பித்தார். இந்த முறை நிறுத்தவில்லை.

அப்போதுதான் வந்துராணிக்குத் தான் இத்தனை பேர் முன்னால் நின்று பேசிவிட்டது உறைத்தது. கையிலிருந்த தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டாள்.

"அன்னைக்கு அக்கா... வந்து..." என்றார் டாக்டர்.

எல்லோரும் காலி டம்ளரைப் பார்த்தார்கள்.

செயலாளர் அத்தை தண்ணீர் ஜக்கை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.