திரும்பிப் பார்த்த பிள்ளை

"கடைசி வரியைப் படிங்கண்ணே."

"ட… ப… இல்ல, ம… அதுக்கு அங்கிட்டு ஒரே மசமசன்னு இருக்கு மேடம்."

ஹேமாவதியின் கையிலிருந்த லென்ஸ் நழுவித் தரையில் உருண்டது.

அந்தக் குரல்!

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன கண் பரிசோதனை மையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. எத்தனையோ பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துப் படித்திருக்கிறார்கள். ஒருவர் குரலுக்கும் அவள் லென்ஸைக் கீழே போட்டதில்லை. இது வேறு… மூன்று வாரமாகக் குச்சனூர் பஸ்ஸில் அவள் காதோடு கூடவே வந்த குரல்.

மேஜை மேல் கிடந்த அட்டையைப் புரட்டினாள். விஜய்பாண்டி, மார்க்கையன்கோட்டை. அவனேதான்!

சினிமாவைப் பற்றியே பேசும் பாட்காஸ்ட் ஒன்றை அவள் விடாமல் கேட்பாள். சென்னையில் இரண்டு பேர் நடத்துகிறார்கள். வாரம் ஒரு படத்தை எடுத்து, அதில் வரும் மனிதர்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுவார்கள். கேட்பவர்கள் அனுப்பும் குரல் பதிவுகளும் அதில் வரும். மூன்று வாரத்துக்கு முன்னால் அவர்கள் எடுத்துக்கொண்டது, பதினைந்து வருஷத்துக்கு முன் குச்சனூரில் எடுத்த ஒரு படம். வந்த வேகத்தில் தியேட்டரை விட்டு ஓடிப்போன படம்தான், பேரெல்லாம் எதற்கு? ஆனால் அதற்கு ஒரு குரல் பதிவு வந்திருந்தது.

"மார்க்கையன்கோட்டையிலருந்து விஜய்பாண்டி பேசுறேன். தோட்டத்துல சொட்டுநீர்க் குழாய் மாட்டுற வேலை. அந்தச் சாவு வீட்டு சீனைப் பாருங்க. ஊரே நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுகுறாக. பச்சைப் பாவாடை கட்டுன ஒரு பிள்ளை மட்டும் அழல. வாசலைத் தாண்டும்போது திரும்பி, கிடத்தியிருக்கவரைப் பாக்குது. அஞ்சு செகண்டு கூட இருக்காது. அவரு போயிட்டாருன்னு எல்லாரும் நம்பிட்டாக… அந்தப் பிள்ளை நம்பல. எந்திரிச்சு வருவாருன்னு காத்து நிக்குது. அந்தப் பார்வையைக் கையெடுத்துக் கும்பிடணும்ங்க."

அன்றைக்கு வேலைக்குக் கிளம்பிய ஹேமாவதி சின்னமனூரில் இறங்கவில்லை. உத்தமபாளையம் வந்ததும் கண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் சுயநினைவே வந்தது.

அந்தப் பச்சைப் பாவாடைப் பிள்ளை அவள்தான்.

அவளுடைய அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை அப்போது. குச்சனூரில் அவள் தெருவையே சாவு வீடாக்கி, தெரு ஆட்களையே கூட்டமாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். பிணமாகக் கிடந்த நடிகர் 'கட்' என்றதும் எழுந்து உட்கார்ந்து, டீ கொண்டா என்றார். ஒன்பது வயது ஹேமா வாயைப் பிளந்து பார்த்தாள். செத்தவர் எழுந்து டீ குடிக்க முடியுமென்றால்… அப்பாவும்? அடுத்த டேக்கில் அந்த நினைப்போடுதான் திரும்பிப் பார்த்தாள். இதை அவள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. பதினைந்து வருஷம் நெஞ்சுக்குள் பூட்டி வைத்ததை, முகம் தெரியாத ஒருவன் அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டான். மனுஷன்தானா இவன்?

இப்போது அவன் எட்டிப் பிடிக்கும் தூரத்தில்…

டார்ச்சை அடித்து அவன் கண்ணுக்குள் பார்த்தாள். பார்க்கத்தான் வேண்டும், வேலை அது! அகலமான கண்கள். இமைகளில் வெளியே பெய்த சாரல் இன்னும் காயவில்லை. பவர் மைனஸ் இரண்டே முக்கால். அடப்பாவி, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா என்னைப் பார்த்தாய்?

"இம்புட்டுப் பவரை வெச்சுக்கிட்டு எப்பிடிப் படம் பாக்குறீக?"

'அண்ணே' என்று சேர்க்க ஏனோ வாய் வரவில்லை.

"போனை மூக்குக்கிட்ட வெச்சுப் பாப்பேன் மேடம். அதுல ஒரு வசதி. சுத்தி ஒண்ணும் தெரியாது, படம் மட்டுந்தான்."

"பாட்காஸ்ட்ல பேசுறது நீங்கதானே?"

அவன் முகம் மலர்ந்தது. "நீங்களும் கேப்பீகளா? அப்ப நீங்களே சொல்லுங்க. அந்தப் பிள்ளை சும்மா வேடிக்கை பாத்துச்சு, அதை வெட்ட மறந்துட்டாகன்னு மூணு வாரமா என்னைய ஓட்டுறாய்ங்க. நான் சொன்னது சரிதானே?"

"அந்தப் பிள்ளை நாந்தான்."

அவன் எழுந்தேவிட்டான். மூக்கில் சோதனைக் கண்ணாடிச் சட்டம் கோணலாகத் தொங்க, கருவறைக் கதவு திறந்ததும் வேண்டுதல் மறந்துபோனவன் மாதிரி நின்றான். பிறகு மெதுவாகக் கேட்டான். "அப்ப… எதைங்க பாத்தீக?"

ஹேமாவதி குனிந்து கீழே கிடந்த லென்ஸை எடுத்தாள். நீங்க சொன்னது சரிதான் என்று ஒரு வார்த்தை… சொன்னால் தனக்கென்று என்ன மிச்சம்? யாரோ ஒருவன் உள்ளே வந்து விளக்கைப் போட்டால், வா என்று பாய் விரிக்க முடியுமா? வீம்பு வந்துவிட்டது.

"புளிசாதப் பொட்டலத்தை. அங்கனதான் குடுத்துக்கிட்டு இருந்தாக. எனக்குப் பசி. நீங்களா ஒரு கதையைக் கட்டிட்டீக. அடுத்தவுக மனசுக்குள்ள போயி வந்த மாதிரியெல்லாம் பேசாதீக."

அந்த அகலக் கண்கள் அணைந்துபோயின. "தப்புத்தாங்க… மன்னிச்சுக்கங்க."

"கண்ணாடி புதன்கிழமை வந்துரும்."

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் அவன் குரல் வந்தது.

"நான் சொன்னது தப்புங்க. அந்தப் பிள்ளையையே பாத்தேன். யாரு, எந்த ஊருன்னு கேக்காதீக, சொல்ல மாட்டேன். பசியில சோத்துப் பொட்டலத்தைத்தான் பாத்துச்சாம்."

நடத்துபவர்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'பொட்டலம் விஜய்பாண்டி' என்று பேரே வைத்துவிட்டார்கள். ஹேமாவதி இயர்போனைப் பிடுங்கி எறிந்தாள். சொன்னது பொய்… அந்தப் பொய்யைத் தலையில் சுமந்துகொண்டு, அவளைக் காட்டிக்கொடுக்காமல் நிற்கிறானே!

புதன்கிழமை அவன் வரவில்லை. வியாழனும் வரவில்லை.

"ஏடி, அந்தக் கண்ணாடியை இன்னும் எத்தனை தடவை தொடைப்ப? தேஞ்சுறப் போகுது," என்றாள் கூட வேலை பார்க்கும் அக்தர் பேகம். "போற வழிதானே? மார்க்கையன்கோட்டையில எறங்கி நீயே குடுத்துட்டுப் போ."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு இறங்கினாள். டீக்கடையில் கேட்டதும் கை காட்டினார்கள். ரோட்டோர வாழைத்தோட்டத்தில், சாரலில் நனைந்தபடி கறுப்புக் குழாயை இழுத்துக்கொண்டிருந்தான்.

"கண்ணாடி வாங்க வராம என்ன ரோஷம்?"

குரல் வந்த திக்கில் கண்ணை இடுக்கினான். "ரோஷமில்லைங்க… வெக்கம்."

"குனிங்க."

குனிந்தான். கண்ணாடியை மாட்டி, காதுக்குப் பின்னால் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். எல்லாருக்கும் செய்வதுதான். எல்லாரிடமும் இப்படி விரல் சுடாது.

நிமிர்ந்தவன் மேற்கே பார்த்தான். "ஆத்தாடி… மலையில மரம் தனித்தனியாத் தெரியுது! அருவி மாதிரி ஒண்ணு எறங்குது பாருங்க… இத்தனை நாளும் இதெல்லாம் இங்கனயேவா இருந்துச்சு?"

பிறகு அவளைப் பார்த்தான். "அதே கண்ணு," என்றான்.

"எப்பிடித் தெரிஞ்சுச்சு உங்களுக்கு? அஞ்சு செகண்டுல…"

வாழையிலையில் சாரல் பொடபொடவென்று விழுந்தது. அவன் குழாயைக் கீழே வைத்தான்.

"எங்கம்மாவைத் தூக்கிட்டுப் போனப்ப தெருமுக்குல நான் அப்பிடித்தான் நின்னேன். திரும்பி வந்துருவாகன்னு. அப்பிடி நெனச்ச கோட்டிப்பய நான் ஒருத்தன்தான்னு இருந்தேன். அந்த சீனைப் பாத்ததும்… சரி, இன்னொரு பிள்ளையும் இருக்குன்னு ஒரு சந்தோசம். பொட்டலம்னு நீங்க சொன்னீகளா… மறுபடி ஒத்தையாப் போயிட்டேன்."

ஹேமாவதி போனை எடுத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

"வணக்கம். அந்தப் பச்சைப் பாவாடைப் பிள்ளை நாந்தான், ஹேமாவதி, குச்சனூர். எங்கப்பா போயி நாப்பது நாள்கூட ஆகல அப்ப. பிணமா நடிச்சவரு எந்திரிச்சு டீ குடிச்சதைப் பாத்தேன். எங்கப்பாவும் எந்திரிப்பாருன்னு நெனச்சேன். அதுக்குத்தான் திரும்பிப் பாத்தேன். விஜய்பாண்டி சொன்னதுதான் சரி. பொட்டலம்னு பொய் சொன்னது நான். இனிமே யாரும் அவுகளைப் பாத்துச் சிரிக்காதீக."

அனுப்பினாள். போனைப் பைக்குள் போட்டாள்.

"இனிமே சொல்லப்போறது உங்களுக்கு மட்டும்," என்றாள். பதினைந்து வருஷமாக வராத அழுகை வந்துவிட்டது. "அன்னைக்கு நான் காத்துக்கிட்டு நின்னவரு வரல. ஆனா நான் காத்து நின்னதை ஒருத்தராவது பாத்தீக. எனக்கு… உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் புதுக் கண்ணாடியைக் கழற்றினான். இரண்டு பக்கமும் ஈரம்.

"ஒண்ணும் தெரியலைங்க…" என்றான். "கண்ணாடியிலயும் தண்ணி, கண்ணுலயும் தண்ணி."

துப்பட்டா நுனியால் அதைத் துடைத்துக் கொடுத்தாள்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன்," என்றான். "இனிமே என்னைய அண்ணேன்னு கூப்பிட்டுறாதீக."

"அன்னைக்கே நிப்பாட்டியாச்சு. கவனிக்கலையாக்கும்… பெரிய விமர்சகரு!"

குச்சனூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போனவள் ரோட்டில் ஏறியதும் நின்றாள். மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் எதிர்பார்த்த ஆள் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.