இரவல் கிடையாது

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பின்புறச் சந்தில் இருந்த அந்த வீட்டுக்கு பிரபா முதன்முதலாகப் போனது ஒரு சனிக்கிழமை மதியம். தூறல் விட்டிருந்தது. மெட்ரோவிலிருந்து இறங்கி, ஆட்டோ எதுவும் நிற்காததால் நடந்தே வந்திருந்தாள். கேட்டைத் தள்ளியபோது மாடி ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருப்பதைப் பார்த்தாள். வாசலில் நண்பர்கள் ஹரிஷ், அம்ருதா இருவரின் செருப்பும் கிடந்தன. மற்றவர்களும் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் வேகமாக உள்ளே போனாள்.

பிரபாவுக்குத் திருப்பத்தூர். அடுகோடிப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எட்டு வருடமாக வேலை. ஆனால் அவளை ஊருக்குத் தெரியவைத்தது இன்ஸ்டாவில் அவள் நடத்திய பக்கம்தான். கடைகளில் முன்வரிசையில் வைக்காத, இருட்டும் கோணலுமான புத்தகங்களைத் தேடிப்பிடித்து அதில் பரிந்துரைப்பாள். அவள் ஒரு புத்தகத்தைச் சொன்னால் பத்து நாளைக்குள் அது எங்கும் கிடைக்காமல் போகும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அதே ரசனையுள்ள ஏழு பேர் சேர்ந்து 'கோணல் வாசகர்கள்' என்று பெயர் வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை கூடினார்கள். ஒரு காபிக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பதை இந்திராநகர் கடைக்காரர் பொறுக்கவில்லை. வேறு இடம் தேடியபோது அம்ருதா இந்த வீட்டைச் சொன்னாள். மூன்று தலைமுறையாக அல்சூரில் இருக்கும் குடும்பம் அவளுடையது. பக்கத்து வீட்டு வெங்கடகிருஷ்ணன் மாநில அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சுப்புலக்ஷ்மி இறந்து இரண்டு வருடம். மாடியில் ஒரு அறை நிறைய அந்த அம்மாவின் புத்தகங்கள். வாசிக்கிறவர்கள் யாராவது வந்தால் சந்தோஷம் என்று அவரே சொன்னாராம்.

அவர்தான் மாடிக்கு அழைத்துப் போனார். உயரமான, ஒல்லியான மனிதர். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். அறைக்கதவைக் காலால் தள்ளித் திறந்துவிட்டு வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"வாங்கோ, உள்ள போங்கோ. எல்லாம் அவ புஸ்தகம். ஆளுக்கு ஒண்ணா எடுத்துண்டு போங்கோ. படிச்சுட்டு பத்துப் பேருக்குச் சொல்லுங்கோ. ஒண்ணுகூட இங்க தங்கக்கூடாது."

அறைக்குள் அந்துருண்டை நெடி மூக்கை அடைத்தது. அதற்கு அடியில் வேறொரு வாசனை, யாரோ சற்றுமுன்புதான் தலையில் தைலம் தேய்த்துக்கொண்டு எழுந்துபோன மாதிரி.

அலமாரிகளைப் பார்த்ததும் பிரபா மற்றதை மறந்தாள். சிறையில் தூக்கிலிடும் வேலை பார்த்த ஒருவர் தன் மகளுக்கு எழுதிய கடிதங்கள். மருத்துவச்சி ஒருத்தி பதிவேட்டில் எழுதாமல் விட்ட பிரசவங்களைப் பற்றிச் சொன்ன புத்தகம். எந்த ஊர் அச்சகத்தில் போட்டது என்றே தெரியாத ஒல்லியான நாவல்கள். ஒவ்வொன்றின் முதல் தாளிலும் ஊதா மையில் ஒரே கையெழுத்து:

சுப்புலக்ஷ்மி. இரவல் கிடையாது.

சிலவற்றில் பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. எல்லோரும் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். பிரபா படம் எடுத்துக்கொண்டாள்.

ஆளுக்கொரு புத்தகத்தை ஒரு மணி நேரம் படித்துவிட்டு அதை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். பிரபாவின் கையில் இருந்தது ஒரு கிணறு சொல்லும் கதை. தனக்குள் விழுந்த ஏழு பேரைப் பற்றி, அவர்களை யார் தள்ளினார்கள் என்பதையும் சேர்த்து, கிணறு நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனது. தன் முறை வந்ததும் எழுந்து நின்று, வழக்கமான குறும்போடு பேச ஆரம்பித்தாள். இதைப் படித்தால் உங்கள் வீட்டு வாளிகூட உங்களைப் பார்ப்பதாகத் தோன்றும் என்றாள்.

சரக்.

தாளைக் கத்தியால் கீறுகிற சத்தம். யார் கையிலும் கத்தி இல்லை.

கீழுதட்டில் சுரீர் என்றது. விரலால் தொட்டுப் பார்த்தாள். ரத்தம்.

பக்கம் உரசியிருக்கும் என்று அம்ருதா கைக்குட்டையைக் கொடுத்தாள். புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டுத்தான் பேசினேன் என்று பிரபா சொல்லவில்லை. வாசலில் நின்ற வெங்கடகிருஷ்ணன் மட்டும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிணற்றுக் கதையை ஹரிஷ் வாங்கிக்கொண்டான். அவள் அலுவலகத்தில் வேலை செய்பவன். பெங்களூருக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு இருக்கும் ஒரே நெருங்கிய நண்பன். அன்று மாலையே பிரபா அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு வீடியோ போட்டாள். மறுநாளைக்குள் அறுநூறு பேர் அது எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை ஹரிஷ் தன் விரல்களைப் படம் எடுத்து அனுப்பினான். ஒன்பது கீறல்கள். புத்தகம் கடிக்கிறது என்று வேடிக்கையாக எழுதியிருந்தான். செவ்வாய் காலை பத்து மணிக்கு அவன் அறைத்தோழன் கண்ணா போன் செய்து, ஹரிஷைக் கண் மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னான்.

வலது கண்ணில் பெரிய கட்டோடு ஹரிஷ் படுத்திருந்தான். கருவிழியின் குறுக்கே நேர்கோடாக ஒரு வெட்டு, காகித விளிம்பு பட்டிருக்கிறது, இன்னும் ஒரு இழை ஆழமாகப் போயிருந்தால் கண் போயிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணா மாத்திரை வாங்கப் போனான். ஹரிஷ் பிரபாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பால்கனியில உக்காந்துதான் படிச்சேன். நல்ல வெயில். பக்கத்தைத் திருப்ப விரலை வெச்சேன் பிரபா. அந்தப் பக்கத்திலேர்ந்து யாரோ தாளைப் பிடிச்சு இழுத்தாங்க. நான் விடலை. அப்பத்தான் தாள் என் முகத்துக்கு வந்துச்சு."

"யாரைப் பார்த்த?"

"பார்க்கலை. தைல வாசனை வந்துச்சு."

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, ஹரிஷின் அறையிலிருந்து வாங்கிவந்த புத்தகத்தை ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டி, பிரபா நடுப்பகலில் அல்சூருக்குப் போனாள். வெங்கடகிருஷ்ணன் கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஹரிஷின் கண்ணைப் பற்றிச் சொன்னாள். அவர் தம்ளரைக் கீழே வைத்தார். அப்போதுதான் அவருடைய கைகளைப் பார்த்தாள். உள்ளங்கையிலும் விரல்களிலும் கோடு போட்ட நோட்டு மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள்.

"உன் வீடியோவை அம்ருதா காட்டினா," என்றார். "எத்தனை பேர் கேட்டா?"

"அறுநூறு பேருக்கு மேல."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் அவருக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பது அவளுக்குப் புரிந்தது.

கேட்காமலேயே சொன்னார். கல்யாணமாகி வந்தபோது சுப்புலக்ஷ்மி ஒரு தகரப்பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவந்தாள். அவளுக்கென்று இந்த வீட்டில் இருந்தது அதுதான். மகன் ஷ்ரேயாஸைப் பெற அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கிறதே என்று பெட்டியோடு பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார். குழந்தையோடு திரும்பி வந்தவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். மாடி அறைக்குப் பூட்டுப் போட்டாள். நாற்பது வருடம் சோறு போட்டாள், மருந்து கொடுத்தாள், அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"நாப்பது வருஷம், என் ஆத்துல, அந்த ரூம் வாசலைத் தாண்ட விடலை," என்றார். "போனப்புறமும் விடமாட்டேங்கறா. எல்லாத்தையும் எடைக்குப் போடலாம்னு கையை வெச்சேன். கையைப் பார்த்தியோன்னோ? சரி, என் கையாலதானே ஆகலை, வேற கையால ஆகட்டும்னு உங்களைக் கூப்பிட்டேன்."

"ஹரிஷுக்குக் கண்ணே போயிருக்கும் சார்."

"போகலையே," என்று சொல்லிவிட்டு மோரை எடுத்துக்கொண்டார்.

பிரபா துணிப்பையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

கதவு திறந்தே இருந்தது. ஜன்னல் இடுக்கு வழியாக வெயில் கம்பி மாதிரி விழுந்திருந்தது. தெருவில் பழம் விற்பவரின் ஒலிபெருக்கி கன்னடத்தில் கத்திக்கொண்டு போனது. உள்ளே காலை வைத்ததும் அந்தச் சத்தம் நின்றது. கதவு அசையவில்லை. சத்தம் மட்டும் நின்றது.

கிணற்றுக் கதை இருந்த வரிசைக்குப் போனாள். அங்கே இடைவெளி இல்லை. புத்தகங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நெருங்கி நின்றன. இரண்டு புத்தகங்களுக்கு நடுவே விரலை விட்டுப் பிரிக்கப் பார்த்தாள்.

சரக்.

ஆள்காட்டி விரல். அடுத்து நடுவிரல். கையை இழுத்துக்கொண்டாள்.

"அம்மா," என்றாள். "கேக்காம எடுத்தது தப்புதான். வீடியோவை எடுத்துடறேன். ஹரிஷை விட்டுருங்க."

தைல வாசனை பக்கத்தில் வந்தது.

மிகவும் பக்கத்தில்.

காதோரத்து முடி அசைந்தது. மூச்சு சூடாக இல்லை. பழைய பெட்டியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் காற்றைப் போல இருந்தது.

"அவர் வரலையா?"

பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல். ஆனால் அமைதியான, குடும்பப் பெண்ணின் குரல்.

பிரபா திரும்பிப் பார்க்கவில்லை.

"அவரை வரச் சொல்லு."

ஓடியிருக்கலாம். கீழே போய் அந்தக் கிழவரை எச்சரித்திருக்கலாம். இரண்டும் அவளுக்குத் தோன்றத்தான் செய்தன. கூடவே கண்ணில் கட்டோடு கிடந்த ஹரிஷும், மோர்த் தம்ளரும், 'போகலையே' என்று சொன்ன வாயும் ஞாபகத்துக்கு வந்தன. மாடிப்படி விளிம்புக்கு வந்து நின்றாள்.

"சார், புத்தகம் உள்ள போக மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்க."

அவர் ஏறி வந்தார். வழக்கம்போல வாசற்படியோடு நின்றுகொண்டார். பிரபா அறைக்குள் இருந்தபடி புத்தகத்தை அவரிடம் நீட்டினாள். யாராவது எதையாவது நீட்டினால் வாங்கிக்கொள்கிற வாழ்நாள் பழக்கம். அவருடைய கை தானாக நீண்டது.

மணிக்கட்டு வாசற்படியைத் தாண்டியது.

அவர் முகம் மாறியதைப் பிரபா பார்த்தாள். யாரோ அவர் கையைப் பிடித்திருந்தார்கள். முரட்டுத்தனமாக இல்லை. கோயில் கூட்டத்தில் மனைவி கணவனை அழைத்துப் போவாளே, அப்படி உள்ளே அழைத்துப் போனார்கள். பிரபா அவரைத் தாண்டிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம். இன்னொன்று, அதற்கு எதிரே.

படியில் இறங்கும்போது அவர் ஏதோ வாசிக்க ஆரம்பித்தது கேட்டது.

மூன்று நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீடியோவை அழித்தாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக ஹரிஷிடம் சொன்னாள். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. போன் எடுத்து அம்ருதாவின் எண்ணை அழுத்துவாள், மணி அடிக்கும் முன் வைத்துவிடுவாள்.

சனிக்கிழமை அம்ருதாவே கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு மாமா பகல் ராத்திரி பார்க்காமல் சத்தமாக எதையோ வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பாராயணம் என்று அம்ருதா வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். காலையில் சந்தேகம் வந்து மைசூரில் இருக்கும் மகன் ஷ்ரேயாஸுக்குச் சொல்ல, அவர் வந்து கதவை உடைத்தாராம். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரின் விரல் நுனிகள் எல்லாம் கிழிந்திருந்தன. மடியில் புத்தகம். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை.

பிரபா மருத்துவமனைக்குப் போனாள். வெங்கடகிருஷ்ணனின் கைகளில் கட்டு. அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். காற்றுகூட வரவில்லை. தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லை, குரல் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை என்று டாக்டர்கள் சொன்னதாக ஷ்ரேயாஸ் வருத்தத்தோடு சொன்னார். அப்பாவின் வேட்டி, துண்டு, இன்ஷூரன்ஸ் அட்டை எடுக்க வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். பிரபா தானும் வருவதாகச் சொன்னாள். எங்காவது தனியாகக் கிடைத்தால் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

பிற்பகல் நாலு மணிக்கு வீட்டைத் திறந்தார்கள். ஷ்ரேயாஸ் கூடத்து பீரோவில் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். பிரபா அவர் பின்னால் நின்று, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், "அன்னைக்கு நான்தான் சார் உங்கப்பாவை..." என்று ஆரம்பித்தாள்.

ஷ்ரேயாஸ் கையை உயர்த்தி அவளைத் தடுத்தார். அவர் முகம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

மாடியில் யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தி நிறுத்தி, எழுத்துக் கூட்டாத குறையாக, தொண்டை கட்டிப்போன குரலில்.

"அப்பா," என்றார் ஷ்ரேயாஸ் மெதுவாக. "அது அப்பா குரல்."

பக்கம் புரளும் சத்தம் கேட்டது. குரல் நின்றது. அது களைத்துப்போய் நின்றதா, பயந்து நின்றதா தெரியவில்லை. வீடு முழுவதும் அமைதி.

பிறகு, கதை கேட்கிறவர்கள் உம் கொட்டுவது போல, ஒரு பெண் குரல் சொன்னது:

"ம்."

வாசிப்பு தொடர்ந்தது.