தொண்ணூற்றேழு புள்ளி நாலு

காலை ஆறு மணியிலிருந்து கல்லூரி வாசலில் நின்றதில் சபிதாவின் முட்டுவலி இடுப்புவரை ஏறியிருந்தது. அண்டியாபீசில் பதினெட்டு வருடம் குத்தவைத்து முந்திரி உடைத்த முட்டு. காவல்காரிக்கு நாற்காலி கிடையாது. சானிடைசர் பாட்டிலுக்கு மட்டும் காலால் மிதிக்கிற ஸ்டாண்டு வாங்கி வைத்திருந்தார்கள்.

செய்முறைத் தேர்வுக்கு வந்த பிள்ளைகள் ஆறடிக்கு ஒரு வெள்ளை வட்டத்தில் நின்றார்கள். எட்டாவது வட்டத்தில் ஆளில்லை. வரிசை நகர்ந்தது. இப்போது ஏழாவதில் ஆளில்லை.

நெருங்கி வரச் சொல்லி அடுத்து நின்ற பெண்ணுக்குக் கைகாட்டினாள்.

"முன்னால ஒரு பையன் நிக்கான்லா, அக்கா."

சபிதாவின் முகக்கவசத்துக்குள் மூச்சு புளித்தது.

போன மாதம் காய்ச்சல் பார்க்கும் கருவி பேட்டரி இல்லாமல் கிடந்தது. எல்லாருக்கும் நோட்டில் 97.4 என்று எழுதிவிடச் சொன்னார் சூப்பிரண்டு ராஜையன். காய்ச்சல் இருந்தால் வேறு தேதி உண்டு என்று சுவரில் அவர் ஒட்டிய நோட்டீசை நம்பித்தான் தேர்வுக்கு வந்த எபின் அவளிடம் கேட்டான்.

"வீட்டுல நூத்தி மூணு காட்டிச்சு அக்கா. உள்ளத எழுதுங்க. வேற தேதி தருவாவ."

தொட்டுப் பார்த்தாள். நெற்றி வறுத்த சட்டியாகச் சுட்டது. வேலை போய்விடும் என்று பயந்து 97.4 எழுதினாள். அந்த நோட்டைக் காட்டியே அவனைத் தேர்வறைக்குள் தள்ளினார்கள். பன்னிரண்டாம் நாள் செத்தான். இன்றைக்கு ஆய்வுக் கமிட்டி வருகிறது. அதனால் பேட்டரி வந்துவிட்டது. பிள்ளை செத்தபோது வராத பேட்டரி.

காலியிடம் நான்காவதுக்கு வந்தது. மூன்று. இரண்டு.

ஸ்டாண்டின் மிதிகட்டை தானாக இறங்கியது. சானிடைசர் ஒழுகியது. தரையில் விழவில்லை. அந்தரத்தில் ஒரு உள்ளங்கை அளவுக்குத் தேங்கி நின்றது.

மேசைக்கு எதிரே சூடு. வறுத்த சட்டியின் சூடு.

கருவியை நீட்டினாள். சிவப்பு வெளிச்சம். 103.

பின்னாலிருந்து ராஜையன் குரல்.

"கமிட்டி வந்தாச்சு. பாத்துட்டு நிக்கியா? 97.4 எழுது ஏட்டி."

கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

சூடு உள்ளே போகவில்லை. நோட்டின்மேல் குனிந்தது. பக்கத்தின் ஓரம் பழுப்பேறிச் சுருண்டது. வரிசை அசையவில்லை. அவள் எபினுக்கு இன்னும் எழுதித் தராமல் வைத்திருப்பது ஒன்றுதான்: நூற்று மூன்று.