பன்னிரண்டாவது மனு

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஓட்லேண்ட்ஸ் ஊரைத் தாண்டி, ஆட்டு மேய்ச்சலுக்கு நடுவே தனியாக நின்ற பழைய மணற்கல் தேவாலயத்தின் வாசலில் என் கணவன் கிளைவ் காரை நிறுத்தினான்.

"இறங்கும்மா ரோவீனா. உங்க ஆடு திருடித் தாத்தா வீடு வந்தாச்சு."

"பொறாமை! உன் பரம்பரையில ஒரு கைதியாவது உண்டா?" என்றேன்.

டாஸ்மேனியாவில் இந்தக் கேலி எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் அம்மா காலத்தில், சீமையிலிருந்து கைதிகளாகக் கப்பலேற்றி அனுப்பப்பட்ட முன்னோரை மூடி மறைத்தார்கள். நாங்களோ தேடிப் பிடித்துப் பெருமையடிக்கிறோம். மூன்று வருஷம் ஆவணங்களைக் குடைந்து நானும் ஒருவரைப் பிடித்திருந்தேன். தாமஸ் கிரிட்ச்லி. ஆறு தலைமுறைக்கு முந்தைய பாட்டன். 1849-ல் செத்து, இந்தத் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மூலையில் ஒரு கல்கூட இல்லாமல் கிடந்தவர்.

போன வாரம்தான் கல் நட்டிருந்தோம். அன்று பித்தளைத் தகடு. 'இவருடைய அன்புச் சந்ததியார்' என்று போட்டு எங்கள் குடும்பத்தின் ஆறு பெயர்கள். கடைசிப் பெயர் ஐவி. எங்கள் மகள், ஐந்து வயது.

கிளைவ் நாலாவது திருகாணியை முடுக்கும்போது அந்த வாசனை வந்தது. நனைந்த கம்பளி. ஊரில் மூன்று வாரமாக மழையே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். ஐவி வலது கையை மேலே உயர்த்தி, விரல்களை மடக்கி, அசையாமல் நின்றாள்.

"கையை ஏண்டி தூக்கிட்டு நிக்கறே?"

"அவர் உயரமா இருக்காரும்மா."

கிளைவ் சிரித்தான். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

உடனே வரவில்லை.

விடலாமா வேண்டாமா என்று யாரோ யோசித்ததுபோல், ஒரு கணம் கழித்துத்தான் வந்தது.

திங்கட்கிழமை காலை டல்சி கூப்பிட்டாள். உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தில் எனக்குப் பதிவேடுகள் தேடிக் கொடுத்தவள்.

"ரோவீனா, கண்ணு, முதல்ல உக்காரு. தப்பான ஆளைப் பிடிச்சுட்டோம்."

"என்ன சொல்றீங்க?"

"ஒரே பேரு, ஒரே வயசுல ரெண்டு பேரு. வேற வேற கப்பல். உன் ஆளு தங்கம் தோண்ட விக்டோரியாவுக்குப் போயி அங்கேயே செத்திருக்கான். நீ கல்லு வெச்சவன் வேற ஒருத்தன்."

"சரி, தகட்டைக் கழட்டிடறோம். இதுக்கா குரல் இப்படி நடுங்குது?"

அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"அப்பல்லாம் கைதிங்க மனுப் போட்டா, பெண்டாட்டி பிள்ளைங்களை அரசாங்கமே கப்பல்ல கூட்டிட்டு வரும். இவன் பதினோரு மனுப் போட்டிருக்கான். என் மகளை அனுப்பி வையுங்கன்னு. ஒவ்வொரு தடவையும் அவன் சொந்த ஊரு லங்காஷயர்லருந்து ஒரே பதில்தான். இந்த ஆளுக்கு மனைவியும் கிடையாது, மகளும் கிடையாது."

"அப்புறம்?"

"பதினோராவதும் திரும்பி வந்த வாரம், பக்கத்துப் பண்ணை மேய்ப்பனோட பொண்ணைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு ஏரிக்குள்ள இறங்கிட்டான். ரெண்டு பேரையும் ஒரே குழியில போட்டிருக்காங்க."

"ஏன் ஒரே குழி?"

"பிடியைப் பிரிக்க முடியலையாம்."

யார் யாரிடமோ மகளைக் கேட்டான். ஒருவரும் தரவில்லை.

நாங்கள் தந்திருந்தோம். பெயர் பொறித்து, நாலு திருகாணி முடுக்கி.

ஐவியை அம்மாவிடம் விட்டுவிட்டு ஓடினோம். கல்லறைக்கு முன்னால் மண்டியிட்ட கிளைவ் மெல்லச் சொன்னான்: "ரோ, இதைப் பாரு."

ஒரே ஒரு நாள் ஆன தகடு. ஐந்து பெயர்கள் பனியில் மங்கியிருந்தன. ஆறாவது மட்டும் பளபளத்தது. பல வருஷம் யாரோ கட்டைவிரலால் தடவித் தடவித் தேய்த்ததுபோல், எழுத்தின் விளிம்புகள் மழுங்கிப் போயிருந்தன.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிளைவ் தகட்டை நாலாக அறுத்தான். நான் வம்சப் பட்டியலிலிருந்து தாமஸ் கிரிட்ச்லியை அழித்தேன். செவ்வாய், புதன் எதுவும் இல்லை. வாசனைகூட இல்லை.

வியாழன் மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் போனேன். அலுவலக வாசல் பெஞ்சில் ஐவி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாடா!

உள்ளேயிருந்து எழுத்தர் நரேல் எட்டிப் பார்த்தாள்.

"நல்லாருக்கே! உங்க வீட்டுப் பெரியவரை இப்படியா வெளியில நிறுத்தி வைப்பீங்க? மூணு நாளா கேட்டுக்கு வெளியிலயே நிக்கறாரு, பாவம். கோட்டெல்லாம் ஈரம். குழந்தையைக் கூட்டிட்டுப் போகணும்னாரு. படிவம் நிரப்பிக் குடுங்க, அம்மா கையெழுத்து வேணும்னுட்டேன்."

"படிவமா?"

"ஆமா. இந்தாங்க. ஒழுங்கா எழுதிக் குடுத்துட்டுத்தான் போனாரு."

வாங்கினேன். பழுப்பு மை. வலப்பக்கம் சாய்ந்த, மிகப் பழைய கையெழுத்து.

மகளின் பெயர்: ஐவி.

வயது: ஐந்து.

உயரம்: மூன்றடி ஆறங்குலம்.

கண்: சாம்பல் நிறம்.

அடையாளம்: இடது காதுக்குப் பின்னால், முடிக்குள், மிளகளவு மச்சம்.

என்னையறியாமல் மூச்சு விட்டேன். ஐந்து வருஷமாக இந்தத் தலையைக் கழுவிச் சீவிவிடுபவள் நான். அங்கே மச்சமே கிடையாது. இந்தத் தடவையும் அவன் வேறு யாரையோதான் கேட்கிறான்.

"ஐவி, இங்கே வா."

முடியை விலக்கினேன்.

மிளகளவு. கறுப்பு.

தொட்டேன். விரலில் மை ஒட்டியது.

மச்சம் அப்படியே இருந்தது.